பெட்டி எடையைக் கழித்தவர்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் காலைப் பாசஞ்சரில், கடைசியிலிருந்து மூன்றாவது கோச்சில், பதினோரு வருஷமாக எந்த மனிதனும் ஒரு கதையைத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்ததில்லை. இதில் மிகை கிடையாது. நான் சாட்சி. நானும் அங்கே நூறு கதைகளாவது ஆரம்பித்திருக்கிறேன். அத்தனையும் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் எங்கேயோ உயிரை விட்டன.

காரணம் ஒரே ஆள். எங்களுக்கு அவர் பெயர் தராசு.

ராமேஸ்வரத்து மீன் கம்பெனிகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கடல் காற்றும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து தராசுக்குள் இருக்கும் ஒயர்களை அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் வேலைக்குக் குறைவே இல்லை. "எனக்குச் சோறு போடுறது உப்புதான் தம்பி. அந்தச் சோத்துல மட்டும் உப்பு போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்பார்.

வெள்ளை முழுக்கைச் சட்டை, மடித்துக் கட்டாத கைலி, மூக்கின் நுனியில் நிற்கும் கண்ணாடி. கூடவே ஒரு காக்கிப் பை. பை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். தராசைச் சோதித்துப் பார்க்கும் எடைக்கற்கள் அதற்குள் இருந்தன. புதிதாக வருகிற பயணி யாராவது உதவி செய்கிற எண்ணத்தோடு கையை நீட்டினால், "இந்தாங்க, கொஞ்சம் மேல வைங்க" என்று கொடுத்துவிடுவார். வாங்கியவர் பையோடு சேர்ந்து குனிவார். பிறகு பல நிமிஷத்துக்கு நிமிர மாட்டார்.

சட்டைப் பையில் கொக்கி வைத்த குட்டித் தராசு ஒன்றும் இருக்கும். உச்சிப்புளியில் ஏறும் வடைக்காரர் அதைக் கண்டாலே கூடையை மூடப் பார்ப்பார். தராசு ஒரு வடையை நூலில் கட்டித் தொங்கவிட்டு, "என்னப்பா, நேத்துக்கு இன்னைக்கு நாலு கிராம் எளைச்சிருக்கு. வடைக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார். ஒருநாள் வாத்தியாரின் டிபன் கேரியரை எடை போட்டுவிட்டு, "வீட்டுல ஏதும் சண்டையா வாத்தியாரே, முன்னூறு கிராம் கொறையுதே?" என்றார். வாத்தியார் கேரியரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். சண்டைதான்.

எங்கள் கூட்டத்தில் நிரந்தர உறுப்பினர்கள் நான்கு பேர். ராமேஸ்வரத்தில் கணக்குப் பாடம் எடுக்கும் வாத்தியார், வங்கியில் கேஷியராக இருந்த மணி, அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பேனா தேய்த்துக்கொண்டிருந்த நான், பிறகு தராசு. எல்லோரிடமும் சீசன் டிக்கெட், எல்லோரிடமும் கதை.

ஒருநாள் மணி ஆரம்பித்தார்.

"எங்க பேங்க்ல ஒரு கிறிஸ்டியன் பையன் புதுசா சேந்திருக்கான். நேத்துக் காலையில பைக்ல வாரான்..."

"சர்ச்சுக்குப் போறானா?" என்றார் தராசு.

"இல்ல பாய், ஸ்டேஷனுக்குத்தான்."

"சரி, சொல்லுங்க. பின்னாடி வரும்போல."

"திருப்பத்துல ஒரு நாய் குறுக்க வந்திருச்சு."

"என்ன நாய்?"

"செவலை நாய். பயபுள்ள சடார்னு பிரேக்க போட்டிருக்கான். ஆளு அங்கன கெடக்கான், பைக்கு இங்கன கெடக்கு. எந்திரிச்சுப் பாத்தா, இவன் டிபன் பாக்ஸைக் கவ்விக்கிட்டு நாய் ஓடுது!"

கோச்சே சிரித்தது. தராசு மட்டும் காத்திருக்கும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கதை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு பாய்."

"அந்தக் கிறிஸ்டியன் வரவே இல்லையே?"

"அவன்தான பாய் விழுந்தது!"

"விழுந்தது பைக்ல வந்த பையன். மொதல்ல கிறிஸ்டியன்னு ஒண்ணை ஏத்துனீகளே, அதைக் கேக்குறேன். எங்கயாவது எறங்கும், எறங்கும்னு நானும் பாக்குறேன், மண்டபமே வந்திருச்சு."

மணி விழித்தார். தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பாடம் நடத்தினார்.

"மீன் கம்பெனியில என்ன செய்யிறாக? வெறும் பெட்டியத் தூக்கித் தராசுல வைக்கிறாக. பட்டன அமுக்குனா சைபர் ஆயிரும். அதுக்கப்புறந்தான் மீனை அள்ளிப் போடுறாக. பெட்டி எடையைக் கழிக்காம மீனை நிறுத்தா அதுக்குப் பேரு களவு. இப்பச் சொல்லுங்க, உங்க கதையில கிறிஸ்டியன்கிறது பெட்டியா, மீனா?"

"பெட்டிதான்" என்றார் மணி, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில்.

"அப்பக் கழிச்சிட்டு மறுபடியும் சொல்லுங்க."

மணி மறுபடியும் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏற்கெனவே சிரித்து முடித்திருந்தோம். தராசு மட்டும் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்த நாயை அவர் மறக்கவே இல்லை. பல வருஷம் கழித்தும் ரயிலுக்கு வெளியே ஏதாவது செவலை நாய் தென்பட்டால், "மணி, உங்க ஆளு போறான்" என்பார்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் கோச்சின் சட்டம். யாராவது 'நாடார் ஒருத்தர்', 'ஒரு முஸ்லிம் டிரைவர்', 'சேட்டு வீட்டுப் பையன்' என்று வாயைத் திறந்தால் போதும், மூலையிலிருந்து குரல் வரும்: "பெட்டியா, மீனா?" சொன்னவர் நின்று யோசிப்பார். யோசித்தால் பெரும்பாலும் பெட்டியாகத்தான் இருக்கும். அதைக் கழித்துவிட்டு ஆரம்பிப்பதற்குள் கதை ஆறிப்போயிருக்கும்.

எல்லாவற்றுக்கும் அவர் தடை போட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. நோன்பு மாதத்தில் விவரம் தெரியாத யாராவது அவரிடம் டீயை நீட்டினால், "அவரு முஸ்லிம்பா, நோன்பு" என்று வாத்தியார் தடுப்பார். "இது மீன்" என்று தராசே தீர்ப்பு சொல்வார். சொந்த ஊரை வைத்து என்னைக் கமுதிக்காரர் என்று யாராவது சொன்னாலும் அவர் ஆட்சேபித்ததில்லை. "அது மீன்தான். அங்கன தண்ணியே கெடையாதுல்ல, அதான் மனுசன் கடலை அப்படிப் பாக்குறாரு" என்பார்.

வாத்தியாருக்கு மட்டும் இது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. அடையாளம் இல்லாமல் சொல்லவே முடியாத ஒரு கதையை ஒரு வாரம் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். அவரோடு விடுதியில் தங்கிப் படித்த ஓர் ஐயர் பையன், கத்திரிக்காய் என்று நினைத்துக் கருவாட்டைத் தின்றுவிட்டு, இரண்டாம் முறையும் கத்திரிக்காய் கேட்ட கதை. வாத்தியார் குரலை ஏற்றி இறக்கி, பையன் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டினார். தராசு கண்ணை மூடிக் கேட்டார்.

"பெட்டியா, மீனா? சொல்லுங்க பாய்!" என்று இந்தத் தடவை வாத்தியாரே கேட்டார்.

"மீன்தான். ஒத்துக்கிறேன்."

வாத்தியார் வெற்றிக் களிப்போடு எங்களைப் பார்த்தார்.

"ஆனா கெட்டுப்போன மீனு" என்றார் தராசு. "எங்க வாப்பா காலத்துல இருந்து எல்லா ரயில்லயும் வித்த மீனு. எம்புட்டு ஐஸ் போட்டாலும் நாறும்."

என் முறையும் வந்தது. அந்த நாட்களிலேயே நான் வாரப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ரயிலில் எனக்குத் தினமும் ஜன்னலோர இருக்கை கிடைப்பது தராசின் புண்ணியத்தில்தான். எனக்கு முன்பே வந்து, அந்த எடைக்கல் பையை ஜன்னலோரத்தில் வைத்துவிடுவார். சண்டைக்காரர்கள்கூட அதை நகர்த்திப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போவார்கள். நான் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு, "உக்காருங்க தம்பி. பாலம் வருது, கடலைப் பாத்துக்கிட்டு வாங்க" என்பார். அவர் சுண்டைக்காய் ஆள். அந்தப் பையை அவர் மட்டும் பூக்கூடை மாதிரித் தூக்குவார்.

இதை நான் எழுதினேன். எப்படி எழுதினேன்? 'என் இஸ்லாமிய நண்பர் ஒருவர் தினமும் எனக்காக இடம் பிடித்து வைப்பார்' என்று எழுதினேன். கடைசியில் மத நல்லிணக்கம் பற்றி உருக்கமாக இரண்டு வரி. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. ஒரு வாசகர் கண் கலங்கிவிட்டதாக எழுதியிருந்தார். நான் பத்திரிகையைப் பெருமையோடு தராசிடம் கொடுத்தேன்.

படித்தார். மடித்தார். "தம்பி, சீட்டுல பைய வச்சேன். அதுக்கு எதுக்கு இம்புட்டு பெரிய நல்லிணக்கம்?"

"நல்லவிதமாத்தானண்ணே எழுதியிருக்கேன்?"

"நல்லாத்தான் எழுதியிருக்கீக. யாரு இந்த இஸ்லாமிய நண்பர்? ஒருநாள் எனக்கும் அறிமுகப்படுத்தி வைங்க. ரொம்ப நல்லவரா தெரியிறாரு."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் டிக்கெட் பரிசோதகர் வந்தார். தராசு எழுந்து நின்று, என் தோளில் கையை வைத்து, "சார், இவரு என் இந்து ஃபிரண்டு. ரொம்ப நல்லவரு" என்றார். பரிசோதகர் என் சீசன் டிக்கெட்டை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். வடைக்காரர் வந்தபோது, "என் இந்து ஃபிரண்டுக்கு ரெண்டு வடை." பாம்பனில் ஏறிய ஒரு குடும்பத்திடம், "கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, இந்து ஃபிரண்டு காலை நீட்டட்டும்." ஒரு வாரம் முழுக்க இப்படியே. எனக்குச் சட்டைக்குள் கட்டெறும்பு புகுந்த மாதிரி இருந்தது.

"என்ன தம்பி நெளியிறீக? நல்லவருன்னுதான சொல்றேன்?"

"போதும்ணே. புரிஞ்சிருச்சு."

"புரிஞ்சா சரி" என்று சிரித்தார். அன்றைக்குப் பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவரிடம் உண்மையாகவே கேட்டேன்: "ஏண்ணே நாம இப்படிச் சொல்றோம்?"

அவர் யோசிக்கவே இல்லை. எப்போதோ யோசித்து முடித்திருக்க வேண்டும். "பாதிப் பேருக்கு அது வாய்ப் பழக்கம். இன்னும் கொஞ்சப் பேரு, 'பாத்தியா, எனக்கு இப்படியும் ஒரு ஃபிரண்டு இருக்கான்'னு காட்டிக்கிறதுக்குச் சொல்லுவாக. நீங்க அந்த வகை. அதுல தப்பில்ல, சின்னப் புள்ளைக புதுச் செருப்பைக் காட்டுறதில்லையா? மூணாவதா ஒரு வகை இருக்கு."

"என்ன வகை?"

"கேக்குற ஆளை உசார்படுத்துறதுக்குச் சொல்றது. 'மொதல்லயே சொல்லிட்டேன், பின்னாடி என்னையக் கேக்கக்கூடாது' அப்படிங்கிற மாதிரி. அதுதான் தம்பி முள்ளு மாதிரி ஒடம்புல ஏறும்."

நான் மூன்றாவது வகை இல்லை என்பதில் எனக்கு அன்று உள்ளூரப் பெருமை. இரண்டாவது வகையோடு தப்பித்தோமே என்று நிம்மதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு போனேன்.

இதற்கு மேல் சிரிக்கும்படி எழுத என்னிடம் அதிகம் இல்லை.

தராசுக்கு ஒரே மகள், நஸீமா. மதுரையில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்து விடுதியில் தங்கியிருந்தாள். அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். அதற்கு ஒரு வாடகை வீடு வேண்டும். நான்கைந்து வீடு பார்த்தும் அமையவில்லை. ஏன் அமையவில்லை என்று தராசு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டார்.

"தம்பி, மதுரையில தெரிஞ்ச ஆளுக வீடு ஏதும் காலியா இருந்தாச் சொல்லுங்க. புள்ளைக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கல."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் மச்சினன் மதுரையில் இருக்கிறான். அவன் வீட்டு மாடி இரண்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது. "இம்புட்டுதானாண்ணே? இப்பவே முடிச்சிருவோம்" என்று அங்கேயே ஃபோனைப் போட்டேன். ரயில் உச்சிப்புளியைத் தாண்டியிருந்தது. எதிரே தராசு. பக்கத்தில் வாத்தியாரும் மணியும். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டேன். காரியத்தை முடித்துக் கொடுக்கப்போகிற பெருமை.

"மாப்ள, மாடி இன்னும் காலியாத்தான இருக்கு?"

"ஆமா மச்சான். யாரும் ஆள் இருக்கா?"

"இருக்கு. நம்ம ஃபிரண்டு ஒருத்தரோட பொண்ணு. லேப்ல வேலை பாக்குது. அதுவும் அம்மாவும் மட்டுந்தான்."

"அதுக்கென்ன மச்சான், வந்து பாக்கச் சொல்லுங்க."

முடிந்துவிட்டது. அத்தோடு ஃபோனை வைத்திருக்கலாம். அவன் எதையும் கேட்கவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை. யாரும் கேட்காத ஒன்றுக்கு என் வாய் தானாகப் பதில் சொன்னது.

"முஸ்லிம் பொண்ணு மாப்ள. ஆனா ரொம்ப நல்ல பொண்ணு."

"அப்படியா... சரி மச்சான், வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

வாத்தியார் தராசைப் பார்த்தார். மணி தராசைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தோம். பெட்டியா, மீனா? அவர் கேட்டிருந்தால் நான் தலையில் அடித்துக்கொண்டு, காலில் விழுகிற மாதிரி நடித்து, எல்லோரும் சிரித்து, எப்படியாவது அதைக் கடந்து போயிருப்போம். அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். மண்டபம் போனது. ரயில் பாலத்தில் ஏறியது. "காத்து ஜாஸ்தியா இருக்கு தம்பி. ஜன்னலை எறக்கிக்கிறீகளா?" என்றார்.

அந்த ஜன்னலை நான் ஒருநாளும் இறக்கியதில்லை. அன்று இறக்கினேன்.

இரண்டு நாள் கழித்து மச்சினன் கூப்பிட்டான். ஊரிலிருந்து யாரோ சொந்தக்காரர் குடிவரப் போகிறாராம். அந்தச் சொந்தக்காரர் இன்றுவரை வரவில்லை, மாடி அதற்குப் பிறகும் ஆறு மாதம் காலியாகத்தான் கிடந்தது. விஷயத்தைத் தராசிடம் சொன்னேன். "அதனால என்ன தம்பி, நீங்க எனக்காகக் கேட்டீகளே, அதே போதும்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் ஜன்னலோரத்தில் அந்தப் பை இருந்தது. நான் வந்ததும் எடுத்துக்கொண்டு இடம் விட்டார். வடையை எடை போட்டார். ஆனால் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவே இல்லை. எங்கள் கோச்சில் கதைகள் முதல் முறையாக முழுசாக முடிய ஆரம்பித்தன. மணி ஒருநாள், 'எங்க தெருவுல ஒரு கோனார் வீட்டம்மா' என்று ஆரம்பித்துவிட்டு, பழக்கத்தில் நிறுத்தி, மூலையைப் பார்த்தார். தராசு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மணி கதையைச் சொல்லி முடித்தார். யாருமே சிரிக்கவில்லை, சொன்னவரும் சிரிக்கவில்லை. மூன்று மாதம் இப்படியே போயிற்று. தினமும் ஒன்றரை மணி நேரம் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தும், அந்த ஒரு பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய பாலத்தின் மேல் ரயில் ஓடக்கூடாது என்று நிறுத்தினார்கள். ரயில் மண்டபத்தோடு திரும்பியது. நாங்கள் ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறினோம். வாத்தியார் பணி ஓய்வு பெற்றார், மணிக்கு மாற்றல் வந்தது. தராசை இரண்டொரு தடவை பாம்பன் பஸ் நிறுத்தத்தில் தூரத்தில் பார்த்தேன். கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். இடையில் கூட்டம் இருந்தது. கூட்டம் இருந்ததில் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

எண் இல்லாமல் இல்லை. என் ஃபோனிலேயே இருந்தது. பல ராத்திரி எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது புதுப் பாலம் வந்துவிட்டது, ரயிலும் ஓடுகிறது. எனக்கும் வேலை முடிந்துவிட்டது. ராமேஸ்வரத்தில் எனக்கு ஒரு காரியமும் கிடையாது. இருந்தும் போன மாதம் ஒருநாள் காலையில் டிக்கெட் எடுத்து, கடைசியிலிருந்து மூன்றாவது கோச்சில் ஏறினேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. உச்சிப்புளியில் வேறு யாரோ வடை விற்றார். வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன், எடை தெரியவில்லை.

மண்டபம் தாண்டியதும் ஃபோனை எடுத்தேன். 'த' என்று தட்டியதும் பெயர் வந்தது. 'தராசு பாய்.'

நேரில் நான் அவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் அண்ணேதான். ஆனால் ஃபோனில் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்து என்றோ பதிந்திருப்பேன். எனக்குத் தெரிந்த தராசு ஒருவர்தான். வேறு எந்தத் தராசோடும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. இரண்டாவது சொல்லை அழித்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"யாரு?"

அதே குரல். கொஞ்சம் தேய்ந்திருந்தது.

"அண்ணே, நான்தான்..."

"அட, தம்பி! நல்லா இருக்கீகளா? எரைச்சலா கேக்குதே, பாலத்துலயா வாரீக?"

"ஆமாண்ணே. புதுப் பாலம்."

"ஜன்னலோரம் கெடைச்சுதா?"

கிடைத்தது என்றேன். சர்க்கரையில் கண் மங்கிவிட்டதாம், தராசுக்குள் ஒயர் தெரியவில்லையாம், தொழிலை விட்டுவிட்டாராம். மதுரையில் மகளோடு இருக்கிறாராம். "கோரிப்பாளையத்துல வீடு தம்பி. போய்க் கேட்ட அன்னைக்கே சாவியக் குடுத்துட்டாக" என்றார் சாதாரணமாக. அங்கே பள்ளிவாசலைச் சுற்றி எல்லாம் அவர்கள் வீடுகள்தான். அங்கே யாரும் யாருக்கும் 'ஆனா நல்ல பொண்ணு' என்று சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அப்போது ஃபோனில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. நஸீமாவாகத்தான் இருக்க வேண்டும்.

"யாரு வாப்பா?"

நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவர் என்ன சொல்லியிருந்தாலும் அது எனக்குத் தகும். மதுரையில் வீடு கேட்டாரே அவர் என்று சொல்லியிருக்கலாம். இந்து ஃபிரண்டு என்று சொல்லி என்னைப் பழைய மாதிரி நெளிய வைத்திருக்கலாம்.

"என் ஃபிரண்டும்மா" என்றார்.

"எந்த ஃபிரண்டு?"

"ஃபிரண்டுன்னா ஃபிரண்டுதான். ரயில்ல என்கூட வருவாரு. கடலைப் பாத்தா வாயில இருக்க வடையை மெல்ல மறந்துருவாருன்னு சொல்லியிருக்கேன்ல, அவரு."

அந்தப் பெண் சிரித்தது எனக்குக் கேட்டது. என் கதை அந்த வீட்டில் அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நான் வீட்டுக்காக ஃபோன் பேசுனப்போ ஒரு வார்த்தை..."

"எந்த ஃபோனு தம்பி?"

"என் மச்சினன் வீட்டு மாடிக்காக, உங்க எதுக்கவே..."

"அப்படி ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார். "வயசாச்சுல்ல, எல்லாம் மறந்து போகுது. அது கெடக்கட்டும், மணியப் பாத்தீகளா? அந்தச் செவலை நாய் டிபன் பாக்ஸைத் திருப்பிக் குடுத்துச்சாமா?"

அவ்வளவுதான் பேசினோம். நாயின் நிறம் வரை ஞாபகம் இருக்கிற மனிதருக்கு அது மட்டும் மறந்துபோயிருந்தது. என்னால் கழிக்க முடியாத பெட்டியை அவரே கழித்துவிட்டார்.

அதிலிருந்து வாரத்தில் ஒருநாள் அந்த ரயிலில் போய்வருகிறேன். முன்னதாகவே போய் ஜன்னலோர இருக்கையில் என் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். என் பையில் எடைக்கல் இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு விரலால் நகர்த்திவிடலாம். ஆள் வருகிறாரா என்று கேட்பவர்களிடம், என் ஃபிரண்டு வருவார் என்று சொல்கிறேன். எந்த ஃபிரண்டு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.